எந்தப் போர் என்று ஏன் கேட்கிறார்கள்

மதுரை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நேற்று போனில் நீ கோபமாகப் பேசிவிட்டு வைத்தாய். "ஆயிரக்கணக்கில ஆட்களை அடைச்சு வச்சு அடிச்சே கொன்னிருக்காங்க. அது சர்வதேச மோதலா, உள்நாட்டு மோதலான்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க பெரியம்மா. செத்தவங்களுக்கு இதில என்ன வந்தது?" என்றாய். மாதிரி நீதிமன்றப் போட்டிக்காக ஹேக் தீர்ப்பைப் படிக்க உட்கார்ந்த பிள்ளை இப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கேள்வி தோன்றாமல் இந்தச் சட்டத்தைப் படிப்பவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. போனில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் பேனாவை எடுத்தேன்.

உனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். 2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிய மிக்-21 சுட்டு வீழ்த்தப்பட்டு, அவர் பாகிஸ்தான் கையில் அகப்பட்டார். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டில் எல்லாரும் டி.வி. முன்னால்தான் இருந்தோம். இந்தியாவும் பாகிஸ்தானும் போர் என்று அறிவிக்கவில்லை. ஆனாலும் ஜெனீவா ஒப்பந்தம் அந்தக் கணமே அவர் மேல் குடையாக விரிந்தது. இரண்டு நாடுகளின் ஆயுதப் படைகள் மோதினால் போதும். மணிக்கணக்கு, சாவு எண்ணிக்கை, அறிவிப்பு எதுவும் தேவையில்லை. அவர் அங்கே பறந்தது சண்டையிடத்தான். ஆனால் சண்டையிட்டதற்காக அவர் மேல் வழக்குப் போட பாகிஸ்தானுக்கு உரிமை கிடையாது. போர் விதிகளை மீறியிருந்தால்தான் வழக்கு. ரத்தம் வழிகிற முகத்தோடு அவரைப் படம் பிடித்துக் காட்டியதை இந்தியா கண்டித்ததும் அதே ஒப்பந்தத்தை வைத்துத்தான். மார்ச் 1 இரவு அவர் எல்லையைத் தாண்டி நடந்து வந்தார்.

இனி இன்னொருவர். தஞ்சை மண்ணிலிருந்து மலாயா போய், அங்கே தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி. 1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசு மலாயாவில் அவசரநிலையை அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டு நீடித்து, ஆயிரக்கணக்கானோர் செத்து, லட்சக்கணக்கானவர்கள் முள்வேலிக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டும், கடைசிவரை அந்த அரசு அதைப் போர் என்று சொல்லவில்லை. அந்த அவசரநிலைச் சட்டத்தில் துப்பாக்கி வைத்திருப்பதே தூக்குக்குரிய குற்றம். கணபதி கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார் என்பது வழக்கு. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜெனீவா ஒப்பந்தங்கள் பிறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவை பிறந்திருந்தாலும் ஆயுதம் வைத்திருந்ததற்கான தண்டனையிலிருந்து கணபதிக்கு விலக்குக் கிடைத்திருக்காது. ஏனென்றால் அரசை எதிர்த்து உள்நாட்டில் ஆயுதம் எடுப்பவனுக்குப் போர்க்கைதி என்ற தகுதியை அந்த ஒப்பந்தங்கள் கொடுக்கவில்லை.

போர் விமானத்தோடு பிடிபட்டவர் வீடு திரும்பினார், கைத்துப்பாக்கியோடு பிடிபட்டவர் தூக்குமேடை ஏறினார். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நீ எரிச்சல்பட்ட வகைப்பாடு. நம் ஊரில் ஒரு துண்டு நிலத்துக்குத் தகராறு வந்தால், அது பட்டாவா, புறம்போக்கா, கோயில் நிலமா என்று பார்க்காமல் யாராவது ஒரு மனுவாவது எழுதுவார்களா? எந்தச் சட்டம், எந்த அதிகாரி, யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில்தான் தொங்குகிறது.

ஆக, வகைப்பாடு இறந்தவர்களுக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. உயிரோடு பிடிபட்டவர்கள், இன்னும் பிடிபடாதவர்கள், அவர்களைக் காவலில் வைத்திருக்கும் பதினெட்டு வயதுச் சிப்பாய், வாசலில் வண்டியோடு நின்று அனுமதி கேட்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்காரர் என எல்லாருக்கும் அந்தப் பதில் வேண்டும். அதுவும் சண்டை நடக்கும்போதே வேண்டும்.

பிரிவு ஏன் இரண்டாக இருக்கிறது என்று நீ கேட்பாய். அதற்கு 1949-க்குப் போக வேண்டும். அதற்கு முன்பு, உள்நாட்டுப் போரில் போர்ச் சட்டம் முழுதாகப் பொருந்த வேண்டுமென்றால், எதிரியைப் போரிடும் தரப்பாக யாராவது அங்கீகரிக்க வேண்டும். எந்த அரசு மனமுவந்து அதைச் செய்யும்? ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் ரணம் ஆறாத காலம் அது. 1948-ல் ஸ்டாக்ஹோமில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்த வரைவு, ஒப்பந்தங்கள் முழுவதும் உள்நாட்டு மோதல்களுக்கும் பொருந்தட்டும் என்றது. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் கூடிய அரசுப் பிரதிநிதிகள் அதைப் பார்த்து மிரண்டார்கள். கொள்ளைக் கும்பலெல்லாம் வந்து உரிமை கேட்கும், கலகக்காரனுக்கு அந்தஸ்து வந்துவிடும் என்று பயந்தார்கள். இருபத்தைந்து அமர்வுகள் இதற்கு மட்டும் நடந்தன. முடிவில், நான்கு ஒப்பந்தங்களிலும் ஒரே மாதிரி இடம்பெறும் பொது மூன்றாம் உறுப்பு என்ற ஒரே ஒரு உறுப்பு உள்நாட்டுப் போருக்கு என்று மிஞ்சியது. ஆயுதத்தைக் கீழே போட்டவனை, காயம்பட்டவனை, சண்டையில் சேராதவனை மனிதனாக நடத்து. கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பணயமாகப் பிடிக்காதே, ஒழுங்கான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்காதே. அவ்வளவுதான். கடைசியில் ஒரு வாக்கியம்: இதைக் கடைப்பிடிப்பதால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறாது. அரசுகளின் பயத்துக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது.

அந்தப் பயத்தை நான் மன்னிக்கவில்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகளை நாடுகளுக்கிடையிலான போருக்கு எழுதிவிட்டு, தன் சொந்த மக்களோடு அரசு நடத்தும் போருக்கு ஒன்றே ஒன்றை எழுதியது கோழைத்தனம். ஆனாலும் அந்த ஒன்றில் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். அது பொருந்துவதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்று வைத்தார்கள். களத்தில் நடப்பது என்ன என்பதுதான் கேள்வி, அரசு அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதில்லை. நீ இந்தப் போட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

பெயர் வைப்பதில் அரசுகளுக்கு இருக்கும் பிடிவாதம் எப்பேர்ப்பட்டது என்பதற்கு அல்ஜீரியா ஒன்று போதும். 1954 நவம்பர் 1-ல் தொடங்கி 1962 வரை நடந்தது. கட்டாயச் சேவையில் பிரெஞ்சு இளைஞர்களை லட்சக்கணக்கில் அங்கே அனுப்பினார்கள். பாரிஸ் அதை ஒழுங்கைப் பாதுகாக்கும் நடவடிக்கை என்றே எழுதிவந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை "அல்ஜீரியப் போர்" என்று ஏற்றது 1999 அக்டோபரில். அதற்குள் அந்தச் சிப்பாய்கள் தாத்தாக்களாகி, பலர் போயும் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, உன் தீர்ப்புக்கு வருகிறேன். நீ தீர்ப்பை நடுவிலிருந்து படித்திருக்கிறாய் என்று உன் பேச்சிலேயே தெரிந்தது. ஊரிலிருந்து தொடங்கு.

போஸ்னியாவின் வடமேற்கில் பிரியெடோர் என்ற நகரம். அதன் பக்கத்தில் கோசரட்ஸ் என்ற சிற்றூர், பெரும்பாலும் முஸ்லிம்கள். அங்கே காபிக்கடை வைத்திருந்தவர், கராத்தே சொல்லிக்கொடுத்தவர் துஷ்கோ டாடிச். செர்பியர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகம். 1992 ஏப்ரல் முதல் வாரத்தில் ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் போஸ்னியாவைத் தனி நாடாக ஏற்றன. யூகோஸ்லாவிய ராணுவம் இன்னும் அங்கேயே இருந்தது. அது வெளியேற வேண்டும் என்று பாதுகாப்பு அவை மே 15-ல் தீர்மானம் போட்டது. மே 19-ல் ராணுவம் வெளியேறியதாக பெல்கிரேட் சொன்னது.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி, உன் வழக்கே இதற்குள்தான் இருக்கிறது. வெளியேறியது எது? போஸ்னியாவில் பிறக்காத சிப்பாய்கள் ஒரு பகுதி. போஸ்னியாவில் பிறந்த செர்பியச் சிப்பாய்கள் தங்கள் டாங்கி, பீரங்கி, அதிகாரிகளோடு அங்கேயே தங்கினார்கள். படையின் பெயர் மாறியது. தளபதியாக ராட்கோ ம்ளாடிச் வந்தார். அவரும் யூகோஸ்லாவிய ராணுவத் தளபதிதான். அதிகாரிகளுக்குச் சம்பளம் தொடர்ந்து பெல்கிரேடிலிருந்துதான் வந்தது. ஒரே மே மாதத்தில், ஒரே முகாமில், ஒரே ஆட்கள். அவர்கள் ஒரு நாட்டின் ராணுவத்திலிருந்து இன்னொரு நாட்டின் உள்நாட்டுக் கலகப் படையாக ஒரே இரவில் மாறியதாகக் காகிதம் சொன்னது.

மே 22-ல் போஸ்னியா ஐ.நா.வில் உறுப்பினரானது. அதே மே 22-ல் போஸ்னியாவின் போரிடும் தரப்புகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னிலையில் ஜெனீவாவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டன. அந்த உடன்பாடு பொது மூன்றாம் உறுப்பின் அடிப்படையில் எழுதப்பட்டது. அதாவது, உள்நாட்டு மோதல் என்ற கணக்கில். அதற்குச் சில நாள் முன்புதான் அந்தச் சங்கத்தின் பிரதிநிதி ஃபிரெடெரிக் மோரிஸ் சரயேவோவுக்கு மருந்து கொண்டுபோன வண்டித் தொடர் தாக்கப்பட்டு இறந்திருந்தார். எப்படியாவது ஏதோ ஒரு விதியையாவது ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்ற தவிப்பு அந்தக் காகிதத்தில் இருக்கிறது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

மே 24-ல் கோசரட்ஸ் மேல் பீரங்கி விழுந்தது. பிழைத்தவர்களை மூன்று இடங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். ஓமார்ஸ்கா ஓர் இரும்புத் தாது சுரங்க வளாகம். கெராடெர்ம் ஒரு பீங்கான் தொழிற்சாலை. ட்ர்னோபோலியேவில் பள்ளிக்கூடமும் அதைச் சுற்றிய கட்டடங்களும். ஆகஸ்டில் பிரிட்டிஷ் நிருபர்கள் சிலர் உள்ளே போய், முள்கம்பிக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக நின்றவர்களைப் படம் பிடித்த பிறகுதான் உலகம் விழித்தது. அந்த முகாம்களுக்கு வந்து போய், கைதிகளை அடித்தவர்களில் ஒருவர் டாடிச். அடிவாங்கியவர்களில் பலர் அவரை முன்பே அறிந்தவர்கள்.

அவர் 1994 பிப்ரவரியில் மியூனிக்கில் கைதானார். அடுத்த ஆண்டு ஹேக்கில் உள்ள யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்துக்கு ஒப்படைக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பாயம் விசாரித்த முதல் ஆள் அவர்தான். அவருடைய வழக்கறிஞர்கள் கேட்ட கேள்வி உன் கேள்வியைப் போலவே எளிமையானது, ஆனால் எதிர்த் திசையில்: இது உள்நாட்டு மோதல், ஜெனீவா ஒப்பந்தங்களின் கடும் மீறல் என்ற குற்றம் நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான் உண்டு, ஆகவே என் கட்சிக்காரர் மேல் அந்தக் குற்றச்சாட்டே நிற்காது.

1995 அக்டோபர் 2-ல் அன்டோனியோ கஸேஸே தலைமையிலான மேல்முறையீட்டு அமர்வு சொன்ன பதிலைத்தான் இன்று உலகமே மேற்கோள் காட்டுகிறது. நாடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஆயுத பலத்தைப் பயன்படுத்தினால் ஆயுத மோதல் உண்டு. ஒரு நாட்டுக்குள் அரசுக்கும் ஒழுங்கமைந்த ஆயுதக் குழுவுக்கும் இடையிலோ, அப்படிப்பட்ட குழுக்களுக்குள்ளேயோ நீடித்த ஆயுத வன்முறை இருந்தாலும் ஆயுத மோதல் உண்டு. இந்த விளக்கம் 1949 ஒப்பந்தத்தில் கிடையாது. நாற்பத்தாறு ஆண்டு யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை. அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். நாடுகளுக்கிடையிலான போரில் எது மனிதத்தன்மையற்றதோ, அது உள்நாட்டுச் சண்டையிலும் மனிதத்தன்மையற்றதுதான்; உள்நாட்டுச் சண்டையில் செய்யும் போர்க்குற்றத்துக்கும் தனிமனிதனைத் தண்டிக்கலாம். 1949-ல் அரசுகள் கொடுக்க மறுத்ததில் ஒரு பெரிய பங்கை அந்த நீதிபதிகள் அன்று பிடுங்கிக் கொடுத்தார்கள் என்பது என் கருத்து. அவர்கள் வரம்பு மீறினார்கள் என்பவர்களும் உண்டு. உன் எதிர்த்தரப்பு அதைத்தான் சொல்லும், தயாராக இரு.

ஆனால் கதை முடியவில்லை. 1997 மே 7-ல் விசாரணை அமர்வு தீர்ப்பளித்தது. மே 19-க்குப் பிறகு போஸ்னிய செர்பியப் படையை பெல்கிரேட் நடத்தியது என்று நிரூபிக்கப்படவில்லை என்றனர் இரண்டு நீதிபதிகள். அமர்வின் தலைவர் கேப்ரியல் கிர்க் மெக்டொனால்டு உடன்படவில்லை. பெரும்பான்மை எடுத்துக்கொண்ட அளவுகோல் 1986 நிகரகுவா வழக்கிலிருந்து வந்தது. கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா பணமும் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது உண்மைதான், ஆனால் குறிப்பிட்ட நடவடிக்கைகளைத் தன் பிடியில் வைத்து நடத்தியிருந்தால்தான் கான்ட்ராக்கள் செய்ததெல்லாம் அமெரிக்கா செய்ததாகும் என்று உலக நீதிமன்றம் அங்கே சொன்னது. அந்த முழத்தால் அளந்ததால் ஓமார்ஸ்காவில் அடிபட்டவர்கள் "பாதுகாக்கப்பட்ட நபர்கள்" இல்லை என்று ஆனது. நான்காவது ஒப்பந்தம் காப்பது வேற்று நாட்டின் கையில் அகப்பட்ட பொதுமக்களை. இங்கே அடித்தவரும் போஸ்னியக் குடிமகன், அடிபட்டவரும் போஸ்னியக் குடிமகன். கடும் மீறல் குற்றச்சாட்டுகள் பதினொன்றிலிருந்து டாடிச் விடுவிக்கப்பட்டார். மற்றக் குற்றங்களுக்குத் தண்டனை கிடைத்தது என்பது வேறு.

நீ கோபப்பட்டது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நானும் முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். ஆனால் 1999 ஜூலை 15-ல் மேல்முறையீட்டில் வந்ததைப் படி. ஒழுங்கமைந்த ஒரு படை விஷயத்தில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் உத்தரவைத் தேட வேண்டியதில்லை. ஒரு வெளிநாடு அந்தப் படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுப்பதைத் தாண்டி, அதன் ராணுவ நடவடிக்கைகளைத் திட்டமிடுவதிலும் ஒருங்கிணைப்பதிலும் பங்கு வகித்தால் அது மொத்தக் கட்டுப்பாடு, அது போதும். சம்பளப் பட்டியல், அதிகாரிகளின் இடமாற்றம், ஒரே நோக்கம் எல்லாம் சேர்ந்து பெல்கிரேடைக் காட்டிக்கொடுத்தன. ஆகவே மோதல் நாடுகளுக்கிடையிலானது. குடியுரிமை விஷயத்திலும் அமர்வு துணிந்தது: இனத்தின் பேரால் நடக்கும் போரில் கையில் இருக்கும் குடியுரிமைக் காகிதத்தை மட்டும் பார்க்கக் கூடாது, யார் யாருக்கு விசுவாசம், யார் யாரிடமிருந்து பாதுகாப்பை எதிர்பார்க்க முடியும் என்று பார்க்க வேண்டும். விட்டுப்போன குற்றங்களிலும் டாடிச் குற்றவாளி என்றது அமர்வு. இறுதியில் 20 ஆண்டு.

மே 19 காகிதம் அங்கே கிழிந்தது, பாப்பா. நீ சலித்துக்கொண்ட அந்தப் பக்கங்கள் அதற்காகத்தான். ஒரு அரசு படையின் பெயரை மாற்றி, சின்னத்தை மாற்றி, "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கைகழுவ முடியுமா என்ற கேள்விக்கு, சம்பளக் கணக்கைப் புரட்டி விடை தேடிய பக்கங்கள் அவை. அதைச் செய்த நீதிபதிகளுக்கு மனசாட்சி இல்லை என்று எப்படிச் சொல்வாய்?

இந்த இரண்டு அளவுகோலும் இன்னும் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. 2007 பிப்ரவரியில் போஸ்னிய இனப்படுகொலை வழக்கில் உலக நீதிமன்றம் தன் நிகரகுவா முழத்தையே பிடித்துக்கொண்டது. ஆனால் அது ஒரு நாட்டைப் பொறுப்பாக்கும் கேள்விக்கு. மோதல் எந்த வகை என்ற கேள்விக்கு மொத்தக் கட்டுப்பாடு பொருந்தக்கூடும் என்று வழிவிட்டது. இரண்டும் வேறு வேறு கேள்வி என்பதை உன் வாதத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடு.

உள்நாட்டு மோதலுக்கான வாசல்படி எங்கே என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் நன்றாகவே இருக்கிறது. தீவிரம், அமைப்பு, இரண்டுதான். எத்தனை மோதல், என்ன ஆயுதம், எவ்வளவு பேர் ஊரைவிட்டு ஓடினார்கள், காவல்துறை போதாமல் ராணுவம் வந்ததா என்பது தீவிரம். தலைமை உண்டா, கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார்களா, பேச்சுவார்த்தைக்கு உட்காரும் அளவுக்கு ஒரே குரல் உண்டா என்பது அமைப்பு. கலவரமும் கல்வீச்சும் இதற்குள் வராது, வரவும் கூடாது; வந்தால் கூட்டத்தைக் கலைக்க வேண்டிய போலீசுக்குப் போர்க்களத்தில் சுடும் உரிமை வந்துவிடும். வகைப்பாடு மக்களைக் காக்கும் இன்னொரு விதம் இது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அர்ஜென்டினாவின் லா டப்லாடா படைமுகாமை 1989 ஜனவரியில் ஓர் ஆயுதக் குழு தாக்கியது. சண்டை சுமார் முப்பது மணி நேரம்தான். அதையும் ஆயுத மோதல் என்றே அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை ஆணையம் 1997-ல் முடிவு செய்தது. அது எல்லைக்கோட்டு வழக்கு. அதை உன் தரப்பின் முதல் தூணாக வைக்காதே, துணைக்கு வைத்துக்கொள்.

ஒரே களத்தில் இரண்டு வகையும் அருகருகே இருக்கலாம் என்பதையும் எழுது. காங்கோவின் இடுரிப் பகுதியில் உகாண்டா ராணுவம் இருந்ததால் அங்கே நடந்ததெல்லாம் சர்வதேசமா என்று, அங்கே ஆயுதக் குழு நடத்திய லுபாங்காவின் வழக்கில் கேட்டார்கள். அவருடைய குழுவும் எதிர்க் குழுக்களும் மோதியது உள்நாட்டு மோதல் என்று 2012-ல் முடிவானது. சிறுவர்களைப் படையில் சேர்ப்பது இரண்டு வகையிலும் குற்றம் என்பதால் அவர் தப்பவில்லை.

2014-ல் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச்.17 விமானம் உனக்கு நினைவிருக்கிறதா? 298 பேர். அந்த வழக்கில் 2022 நவம்பரில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் டாடிச் மேல்முறையீட்டின் அளவுகோலையே எடுத்தது. 2014 மே நடுவிலிருந்து டொனெட்ஸ்க் படைகள் மேல் ரஷ்யாவுக்கு மொத்தக் கட்டுப்பாடு இருந்தது, ஆகவே சர்வதேச ஆயுத மோதல் என்றது. அப்படியானால் சுட்டவர்களுக்குப் போராளி என்ற விலக்கு உண்டே? அங்கேதான் அந்தத் தீர்ப்பின் நுட்பம். அந்தப் படை எங்களுடையதில்லை என்று ரஷ்யா மறுத்துக்கொண்டே இருந்தது; நாங்கள் ரஷ்யப் படை இல்லை என்று அவர்களும் சொன்னார்கள். எந்த நாட்டின் படையையும் சேராதவர்களுக்கு எந்த விலக்கும் கிடையாது. மூன்று பேருக்கு அவர்கள் இல்லாமலே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கைகழுவிய அரசின் பொய்யை நம்பிய ஆட்களே அந்தப் பொய்யின் விலையைக் கொடுத்தார்கள்.

நீ கேட்பாய் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். வன்னியைப் பற்றி. ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011 மார்ச்சில் கொடுத்த அறிக்கை, இலங்கையில் நடந்தது உள்நாட்டு ஆயுத மோதல், அதை மனிதாபிமானச் சட்டத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அரசு அதைப் பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கை என்றும், கடைசி மாதங்களில் மனிதாபிமான மீட்பு என்றும் அழைத்தது. அந்தப் பெயர்களால் பொது மூன்றாம் உறுப்பு ஒரு அங்குலம்கூட விலகவில்லை. உணவும் மருந்தும் போகவிடாமல் செய்தது, மருத்துவமனைகள் மேல் குண்டு போட்டது என்று அரசின் மேலும், மக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்தது, பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்தது என்று புலிகள் மேலும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்றது அந்தக் குழு. இரண்டையும் ஒரே சட்டத்தின் முன் வைத்தது. வைக்க முடிந்தது, அது ஆயுத மோதல் என்று முதலில் நிலைநாட்டியதால்தான்.

பட்டினி போடுவதைப் பற்றிச் சொல்லும்போது என் வயிறு எரிவது ஒன்று உண்டு. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கையாள்வது போர்க்குற்றம் என்று 1998 ரோம் சட்டத்தில் எழுதினார்கள், நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டும். உள்நாட்டுப் போருக்கான பட்டியலில் அந்த வரி இல்லை. சிரியாவில் ஊர்களை முற்றுகையிட்டு மக்களைப் புல்லையும் இலையையும் தின்ன வைத்த ஆண்டுகள் முழுவதும் அந்தப் பட்டியல் அப்படியேதான் இருந்தது. சுவிட்சர்லாந்து முன்மொழிந்து, 2019 டிசம்பரில்தான் திருத்தம் வந்தது. அதுவும் எல்லாரையும் கட்டாது, ஏற்ற நாடுகளை மட்டும்தான். ஒரே பசி, ஒரே குழந்தை, எல்லைக்கோடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துக் குற்றம் என்றும் குற்றமில்லை என்றும் ஆவதை நான் எந்தக் காலத்திலும் ஏற்கமாட்டேன். உன் கோபம் முழுவதையும் இங்கே கொண்டுவந்து கொட்டு, பாப்பா. 1949-ல் அரசுகள் இட்ட அந்தக் கோட்டின் மேல் கொட்டு. அந்தக் கோட்டுக்குள் நின்று, இருக்கிற விதியை எத்தனை பேருக்கு நீட்டிக்கொடுக்க முடியும் என்று பக்கம் பக்கமாக உழைத்தவர்கள் மேல் வேண்டாம்.

இந்தியா 1977-ன் இரண்டு கூடுதல் நெறிமுறைகளிலும் சேரவில்லை என்பதை உன் நடுவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இலங்கையும் சேரவில்லை. இரண்டாம் நெறிமுறையின் வாசல்படி பொது மூன்றாம் உறுப்பைவிட உயரம். குழுவின் கையில் நிலப்பகுதி இருக்க வேண்டும் என்கிறது. அதைக் காட்டி "இது மோதலே இல்லை" என்று யாராவது வாதிட்டால், இரண்டும் வேறு படி என்று சொல்லி நிறுத்து. நம் நாட்டில் 1960-ன் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அதன் உரையை எடுத்து மேசையில் வை.

படிக்கும் வரிசை: முதலில் 1995 முடிவு, அடுத்து 1997-ல் மெக்டொனால்டு எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, பிறகு 1999. பெரும்பான்மையைவிட மெக்டொனால்டை நிதானமாகப் படி. வழக்கின் உண்மைகளை அவர் அடுக்கும் விதத்தில் நீ கற்க நிறைய இருக்கிறது. சாட்சிகள் சொன்ன பகுதிகளைத் தாண்டிப் போகாதே. சட்டப் பகுதி புரிவதற்கு அவை தேவையில்லை என்று சீனியர்கள் சொல்வார்கள், கேட்காதே.

உன் வாதக் குறிப்பை வியாழக்கிழமைக்குள் அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் எழுது. எங்கே தடுக்குகிறதோ அங்கே உனக்கு இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். அம்மாவிடம் பெரியப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை என்று சொல். ராத்திரி கண் விழித்துப் படிப்பதானால் மோர் குடித்துவிட்டுப் படி, காபியை விடு.

அன்புடன்,
பெரியம்மா